பெனரில் இல்லாத பிள்ளைகள்

கொஞ்சம் நீண்ட பதிவு. உயர்தரம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் முழுவதையும் வாசியுங்கள். தரம் 11 இல் பிள்ளை இருந்தால் இரண்டு தடவை வாசியுங்கள்.

உயர்தரப் பெறுபேறு வந்த இரவு நமது ஊர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அரை மணித்தியாலத்துக்குள் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் பெறுபேற்றுத் தாள்களின் படங்கள் வந்துவிடும். மாவட்ட நிலையைப் பார்த்து, "இவருக்கு மெடிசின் நிச்சயம்", "இவ கொஞ்சம் டவுட்" என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுவோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெட்டுப்புள்ளியை வெளியிட இன்னும் எத்தனையோ மாதம் இருக்கும். ஆனால் மறுநாள் ளுஹருக்கு முன்னர் சந்தியில் பெனர் ஏறிவிடும்.

அப்படி ஓர் இரவில் பதினொரு மணிக்குப் பிறகு நமக்கு ஓர் அழைப்பு வந்தது. நம்மிடம் படித்த மாணவி ஒருத்தியின் வாப்பா, கட்டாரில் இருந்து. சலாம் சொன்னார், பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. அதன் பிறகு கேட்டார்: "சேர், மகள் பெயிலா?"

அந்தப் பிள்ளையின் பெறுபேறு இரண்டு ஏ, ஒரு பி. உயிரியலும் இரசாயனமும் ஏ, பௌதிகம் பி. பௌதிகத்துக்கு ஒழுங்கான ஆசிரியர் ஒன்றரை வருடமாக இல்லாத பாடசாலையில் படித்து எடுத்த பி அது. ஆனால் மாவட்ட நிலையைப் பார்த்தால் மருத்துவ பீடம் கிடைக்காது என்று யாரோ உம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். உம்மா அழுதிருக்கிறா. வாப்பாவுக்கு அது பெயில் என்றே போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவரைக் குறை சொல்ல மாட்டோம். அவருக்கு அப்படி விளங்கும்படி நடந்துகொண்டவர்கள் நாம்தான், ஆசிரியர்களும் ஊரும்.

மருத்துவ பீடத்துக்கான தெரிவு எப்படி நடக்கிறது என்று நம்மில் பலருக்கு இன்றுவரை தெரியாது. உயிரியல், இரசாயனம், பௌதிகம் மூன்றிலும் சித்தியடைய வேண்டும். பிள்ளைகள் கொமன் ஜெனரல் என்று சொல்லும் பொதுப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். இதெல்லாம் விண்ணப்பிப்பதற்கான தகுதி மட்டும்தான். இடத்தைத் தீர்மானிப்பது இசட் புள்ளி.

இசட் புள்ளி என்றால் என்ன? 2001 இலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்கு இதைத்தான் பாவிக்கிறார்கள். ஒரு பாடத்தில் உங்கள் பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தது என்பதை அது பார்ப்பதில்லை. அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியில் இருந்து பிள்ளை எவ்வளவு தூரம் மேலே நிற்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. கணக்குக்கு ஓர் உதாரணம். பௌதிகத்தில் சராசரி 40, நியம விலகல் 10 என்று வைப்போம். 60 எடுத்த பிள்ளைக்கு இசட் 2. உயிரியலில் சராசரி 50, நியம விலகல் 20 என்றால், 70 எடுத்த பிள்ளைக்கு இசட் 1 தான். 70 பெரியது, 60 சிறியது என்று நாம் நினைப்போம். அங்கே கணக்கு தலைகீழாக இருக்கும். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் கூட்டிச் சராசரி எடுத்து, நான்கு தசம தானம் வரைக்கும் போடுவார்கள்.

இன்னொன்று. 75 எடுத்தாலும் ஏ, 95 எடுத்தாலும் ஏ. அதனால்தான் மூன்று ஏ எடுத்த பிள்ளைக்குக் கிடைக்காமல் போவதும் நடக்கிறது. "மூன்று ஏ எடுத்தும் கிடைக்கல்லயாம், என்னமோ உள்ளுக்குள்ள விளையாட்டு" என்று கடைத்தெருவில் பேசுகிறோமே, பெரும்பாலும் அதில் எந்த விளையாட்டும் இல்லை. நான்காவது தசம தானம்தான் விளையாடுகிறது.

அடுத்தது மாவட்டம். மொத்த இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று ஒதுக்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும். அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், புத்தளம் எல்லாம் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. கண்டி, கொழும்பு, களுத்துறை, குருநாகல் வருவதில்லை. இது இனத்துக்கான ஒதுக்கீடு அல்ல. அம்பாறையில் நமது பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். "நம்மட ஆக்களுக்குக் குறைச்சிட்டான்" என்று முகநூலில் எழுதுவதற்கு முன்னர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உயர்தரத்துக்கு மட்டும் பிள்ளையைக் கொழும்புக்கோ கண்டிக்கோ அனுப்பும் பெற்றோருக்கும் இதில் விஷயம் இருக்கிறது. எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பது எந்த மாவட்டக் கணக்கில் சேருவார் என்பதைப் பாதிக்கும். மாவட்டத்தை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று ஆணைக்குழுவின் கைநூலில் தமிழிலேயே தெளிவாக இருக்கிறது. நல்ல ரியூசன் கிடைக்கும் என்று அனுப்பிவிட்டு, இரண்டு வருடம் கழித்து வெட்டுப்புள்ளி வந்த அன்று தலையில் கை வைத்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறோம்.

இப்போது அந்த மாணவியின் விஷயத்துக்கு வருவோம். வாப்பாவிடம் சொன்னோம், மகள் பெயில் இல்லை, மாவட்டத்தில் மிக நன்றாகச் செய்த பிள்ளைகளில் ஒருத்தி என்று. அவர் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறோம் என்று நினைத்தார். "அப்ப செக்கன் ஷை செய்யட்டும் சேர்" என்றார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா என்று கேட்டோம். "அவவுக்கென்ன தெரியும்?" என்றார்.

மூன்று தடவை தோற்றலாம் என்பது ஒரு வசதி. நாம் அதைக் கட்டாயம் ஆக்கிவிட்டோம். கணக்குப் பாருங்கள். பத்தொன்பது வயதில் முதல் ஷை. இருபதில் இரண்டாவது. இருபத்தொன்றில் மூன்றாவது. பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு என்று இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருப்பு. ஐந்து வருடப் படிப்பு, அதுவும் ஆங்கில மொழியில். தமிழில் படித்த பிள்ளைக்கு முதல் வருடம் எவ்வளவு கஷ்டம் என்று போனவர்களிடம் கேளுங்கள். பிறகு உள்ளகப் பயிற்சி ஒரு வருடம். மூன்றாவது ஷையில் கிடைத்த பிள்ளை முழு டாக்டராக வெளியே வரும்போது முப்பதைத் தொடும். விருப்பத்தோடு போகும் பிள்ளைக்கு இது பெரிய விலை இல்லை. மற்றவர்களின் விருப்பத்துக்காகப் போகும் பிள்ளைக்கு?

அந்த இரண்டாவது, மூன்றாவது ஷை வருடங்களில் பிள்ளை எங்கே இருக்கிறது? பாடசாலையில் இல்லை. வகுப்பு நண்பர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். காலையிலும் பின்னேரமும் ரியூசன், மற்ற நேரமெல்லாம் அறைக்குள். கலியாண வீட்டுக்கு வராது. பெருநாளைக்குக் கூட மாமி வீட்டுக்குப் போகாது, "எப்ப ரிசல்ட்?" என்று கேட்பார்கள் என்ற பயம். ஆண் பிள்ளை என்றால் வீதியிலாவது நிற்கும். பெண் பிள்ளைக்கு அதுவும் இல்லை.

பெண் பிள்ளைகள் என்று வந்தபடியால் இதையும் சொல்லிவிடுகிறோம். உயிரியல் வகுப்பில் முன்வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். டாக்டராக வேண்டும் என்று மூன்று வருடம் பாடுபட வைத்த அதே குடும்பம், யாழ்ப்பாணம் கிடைத்ததும் "அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது" என்று யோசிப்பதைப் பார்த்திருக்கிறோம். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் பக்கத்தில் இருக்கிறதுதான். ஆனால் எல்லோருக்கும் அதுவே கிடைக்காது. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் இல்லை. தூரம் அனுப்ப மனம் இல்லை என்றால் அதைத் தரம் 12 தொடங்கும் முன்னரே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். கடைசியில் சொல்வது அநியாயம்.

விண்ணப்பப் படிவத்தில் நடப்பது இன்னொரு கதை. பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு இருக்கிறது. விருப்ப ஒழுங்கில் அவற்றை நிரப்ப வேண்டும். மருத்துவ பீடங்களின் குறியீடுகளை மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த மாணவியும் அப்படித்தான் செய்யப் பார்த்தாள். "வேற போட்டா துஆ கபூலாகாது எண்டு உம்மா சொல்றா சேர்" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பேராதனையில் பல் மருத்துவமும் கால்நடை மருத்துவமும் இருக்கின்றன. கொழும்பில் யுனானி இருக்கிறது. மருந்தாக்கவியல், தாதியியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், கதிர்ப்படவியல், இயன்மருத்துவம் எல்லாம் பட்டப் படிப்புகள்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள், டாக்டர் ஒருவர் மட்டும் வேலை செய்து நோயாளி குணமாவதில்லை. ஆய்வுகூட அறிக்கை தாமதமானால் அவரும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

வெளிநாட்டு மருத்துவப் படிப்பைப் பற்றி நிறையப் பேர் உள்பெட்டியில் கேட்கிறீர்கள். பங்களாதேஷ், சீனா, ரஷ்யா, நேபாளம் என்று முகவர்கள் வீடு தேடி வருகிறார்கள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படிப் படித்து வந்து நல்ல பெயரோடு வேலை செய்யும் வைத்தியர்கள் நமது ஊர்களிலேயே இருக்கிறார்கள். ஆனால் வளவை விற்பதற்கு முன்னர் மூன்று விஷயம் பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா? முகவரின் கடதாசியைப் பார்க்காதீர்கள், சபையிடம் நேரடியாகக் கேளுங்கள். இரண்டாவது, 2018 இல் வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகளின்படி இலங்கை உயர்தரத்தில் குறைந்தபட்சம் இரண்டு சி, ஒரு எஸ் வேண்டும். பாட நிபந்தனைகளையும் பிறகு வந்த மாற்றங்களையும் சபையிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "உயர்தரம் தேவையில்லை, ஒரு பவுண்டேஷன் செய்தால் போதும்" என்று சொல்பவர் பிள்ளையை விமானத்தில் ஏற்றிவிடுவார், திரும்பி வந்து பதிவு செய்யும் நாளில் அவரது தொலைபேசி வேலை செய்யாது. மூன்றாவது, படித்து முடித்து வந்தவுடன் ஆஸ்பத்திரிக்குள் போக முடியாது. இஆர்பிஎம் என்ற பதிவுப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் உள்ளகப் பயிற்சி. முன்னர் அக்ட் 16 என்று சொன்னார்களே, அதுதான். ஒரே தடவையில் எல்லோரும் சித்தியடைவதில்லை. அந்தக் காத்திருப்புக்கும் காசு வேண்டும்.

நமது ஊரில் இன்னொன்றும் இருக்கிறது, வெளிப்படையாகப் பேச மாட்டோம். டாக்டர் மாப்பிள்ளைக்கு வீடு எத்தனை மாடி, வயல் எத்தனை ஏக்கர் என்று ஒரு விலை இருக்கிறது. மகன் உயிரியல் படிக்க வேண்டும் என்ற சில பிடிவாதங்களுக்குள் அந்தக் கணக்கும் இருக்கிறது. கோபப்படாதீர்கள், உங்களைச் சொல்லவில்லை.

ஆசிரியர்களான நமது பிழையையும் எழுதத்தான் வேண்டும். சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளை வர்த்தகப் பிரிவு கேட்டு வந்தால், "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டவர்கள் நாம். பாடசாலையின் பெயருக்கு மருத்துவ பீட எண்ணிக்கை வேண்டும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் மற்றப் பாடசாலையோடு போட்டி. ஐந்து பேர் கிடைத்தால் ஐந்து பேரின் படத்தோடு பெனர். அதே உயிரியல் வகுப்பில் இருந்த மற்ற முப்பது பேர் எங்கே போனார்கள் என்று எந்தப் பாடசாலையாவது பதிவு வைத்திருக்கிறதா? நம்மிடமும் இல்லை. நம்மில் பலர் அந்த வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுதான் கல்வியியல் கல்லூரிக்குப் போனவர்கள். அந்த நாளில் நமது வீட்டிலும் யாரோ அழுதார்கள். அதையெல்லாம் மறந்துவிட்டு, அதே அழுகையைப் பிள்ளைகளின் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்த மாணவி மற்றக் குறியீடுகளையும் நிரப்பினாள். உம்மாவோடு இரண்டு மணித்தியாலம் பேச வேண்டியிருந்தது, அதில் ஒன்றரை மணித்தியாலம் உம்மாதான் பேசினா. இப்போது அவள் ஆய்வுகூட விஞ்ஞானம் மூன்றாம் வருடம். போன விடுமுறையில் பாடசாலைக்கு வந்து தரம் 12 பிள்ளைகளுக்கு இரத்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று விளங்கப்படுத்தினாள். மணி அடித்தும் பிள்ளைகள் எழும்பவில்லை. வாப்பா மட்டும் இன்னமும் கட்டாரில் யாராவது கேட்டால் "மகள் மெடிகல் பக்கம் படிக்கிறா" என்றுதான் சொல்கிறாராம். அது அவளாகவே சிரித்துக்கொண்டு சொன்னது.

ஆணைக்குழுவின் கைநூல் தமிழில் நம்மிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்போம். பெறுபேறு வந்த இரவில் அழைக்காமல், சாதாரண தரம் எழுதிவிட்டுப் பிள்ளை சும்மா இருக்கும் அந்த மாதங்களில் வாருங்கள். வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.