வாண்டுகளுக்கு ஒரு இலை மேட்டர்!

என்.எஸ்.எஸ். கேம்ப்ல அங்கன்வாடி டியூட்டி விழுந்துடுச்சா? மூணு, நாலு வயசு வாண்டுகளை எப்படிச் சமாளிக்கிறதுனு முழிக்காதீங்க. பைசா செலவில்லாத ஐட்டம் மரத்தடியிலேயே கிடக்கு!

இங்கிலீஷ் புக்ல இலையுதிர் காலம்னா மேப்பிள் இலை. நம்ம ஊர்ல அந்த கெட்டப் பாதாம் மரத்துக்கு. உதிர்றதுக்கு முன்னாடி இலை செக்கச்செவேல்னு மாறும். அதைக் கவிழ்த்துப் போட்டு, மேல பேப்பரை வச்சு, கிரேயானைப் படுக்கவாட்டுல தேய்க்கச் சொல்லுங்க. நரம்பு ஒவ்வொண்ணா எழும்பி வரும்.

அடுத்து மீன். பெரிய இலை உடம்பு, குட்டி இலை வால். கண்ணுக்குக் குன்றிமணி ஒட்டலாமேனு தோணும். வேண்டவே வேண்டாம்! வாண்டுகள் எதையும் வாயில போட்டுப் பார்ப்பாங்க. குன்றிமணியைக் கடிச்சு முழுங்கினா விஷம், உயிருக்கே ஆபத்து. அரளி இலை, எருக்கம்பாலுக்கும் நோ என்ட்ரி. கண்ணை கிரேயான்ல வரைஞ்சாலே போதும்.

மூணு கண்ணு வரைஞ்சா? திருத்தாதீங்க! அழகா வரணும்னு நீங்களே ஒட்டிக் கொடுத்தா அது உங்க ரெக்கார்ட் நோட்டு, அவங்க மீன் இல்லை. பேரெழுதி, அவங்க கண்ணுக்கு எட்டுற உயரத்துல சுவத்துல ஒட்டுங்க. சாயங்காலம் கூட்டிட்டுப் போக வர்ற அம்மாவை இழுத்துட்டு வந்து, 'என் மீனு'னு காட்டும் பாருங்க... கேம்ப் சர்ட்டிஃபிகேட்டெல்லாம் அதுக்கு முன்னாடி ஜுஜுபி!