அதிகாலை நாலு மணி யாருக்குரியது?

எழுத்துக்கு ஒழுங்கு வேண்டும், நாள்தோறும் குறித்த வேளையில் மேசைமுன் அமர வேண்டும், அதற்கு அதிகாலை நாலு மணியே உத்தமம் என்று இளம் எழுத்தாளருக்கு உபதேசிப்போர் நம்மிடையே பலர். குடும்பச் சுமையும் ஓயாத பிரயாணமும் தம் எழுத்தைக் குலைத்துவிட்டன என்று அங்கலாய்ப்போர் அவரினும் பலர். இவ்விரு சாராரிடமும் நாம் கேட்க விரும்புவது ஒன்றுதான்: அந்த நாலு மணிக்கு உங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுபவர் யார்?

மயிலிட்டிக் கரைக்கு வந்து பாருங்கள். இரவெல்லாம் கடலில் நின்ற வள்ளங்கள் விடியற்புறத்தில்தான் கரைசேரும். வலையிற் சிக்கிய மீனைத் தெரிவதும் கூறி விற்பதும் எஞ்சியதைக் கீறி உப்பிட்டுக் காயவைப்பதும் அந்த வேளைக்குரிய வேலைகள். வந்தவனுக்குத் தேநீர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோறு, கடகத்தைத் தலையிற் சுமந்து உட்கிராமங்களுக்கு மீன் விற்கப் போகவேண்டிய அவசரம், இவையும் அதே வேளையில்தான் வந்து நிற்கின்றன. கடலிலிருந்து மீண்டவன் பகலில் உறங்குவான், உறங்க வேண்டியவன்தான். அவன் மனைவிக்கு நாளின் எந்த மணி ஓய்வு? அவளிடம் கதைகள் இல்லை என்று எவரும் சொல்லத் துணியார். அவளிடம் இல்லாதது மணித்தியாலமே.

பிரயாணம் என்ற சொல்லையும் சற்று உரைத்துப் பார்ப்போம். மயிலிட்டிக்கு அண்மையிலுள்ள காங்கேசன்துறையையும் கொழும்பையும் இணைத்து யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரலில். அந்த இருப்புப்பாதையில் எத்தனை எழுதுவினைஞர்கள், எத்தனை ஆசிரியர்கள் சென்றனர்! கொழும்பில் சமறி அறை. மாலையில் கந்தோர் விட்டால் நூலகம், நண்பர், விவாதம், எழுத்து. ஊரிலோ கிணறும் மாடும் பிள்ளைகளும் முதியோரும் ஒருத்தியின் கையில். நமது நவீன இலக்கியத்தில் ஒரு கணிசமான பங்கு இந்தப் பிரிவின் விளைச்சல். பிரிவுத் துயரைப் பாடியவர்கள் உண்டு. அந்தப் பிரிவினால் தமக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தைக் கணக்கிற் காட்டியவர்கள் மிக அரியர்.

மயிலிட்டி மக்களுக்கோ வேறொரு பிரயாணம் வாய்த்தது. 1990 ஜூனில் ஊரே பெயர்ந்தது. துறைமுகம் மக்களிடம் மீண்டது 2017 ஜூலை 3இல். நிலம் முழுவதும் அப்போதும் திரும்பவில்லை. இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகள் நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவுகளிலும் கழிந்தன. ஒரு தலைமுறை ஓலைத் தட்டிக்குள் பிறந்து அங்கேயே மணமுடித்தது. அத்தகைய குடிலில் வாழ்ந்தவளிடம் நாள்தவறாது நாட்குறிப்பு எழுதும் பழக்கத்தின் மேன்மையை எடுத்துரைக்க நமக்கு நாக்கூசுகிறது.

‘உலகப் பேரிலக்கிய கர்த்தாக்கள் குடும்பத்தோடு வாழ்ந்து எழுதவில்லையா?’ என்பர். எழுதினார்கள். டால்ஸ்டாய் ‘போரும் வாழ்வும்’ எழுதிய ஆண்டுகளில் அவர் மனைவி சோபியா நான்கு பிள்ளைகளைப் பெற்றார்; பண்ணைக் கணக்கைப் பார்த்தார்; கணவரின் கையெழுத்துப் பிரதியை மீண்டும் மீண்டும் படியெடுத்தார். எவரும் வாசிக்கவியலாத மார்க்சின் கையெழுத்தைத் திருத்தமாகப் படியெடுத்தவர் அவர் மனைவி ஜென்னி. உபரி உழைப்பு எங்கே போகிறது என்று உலகத்துக்குக் காட்டிய நூல்களை நாம் போற்றுகிறோம். அதே கேள்வியைச் சமையலறை வாசலில் நின்று கேட்டால் மட்டும் அது சில்லறை விஷயமாகிவிடுமோ?

இக்கேள்வி பழங்காலத்தோடு முடிந்ததுமன்று. தமிழகத்தின் துவரங்குறிச்சியில் மணமான பின் வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் குளியலறையிலே நின்று எழுதியவர் கவிஞர் சல்மா. ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வெளிவந்தது 2004இல். அவரிடம் ஒழுங்கு இல்லையென்று எந்த உபதேசியார் சொல்வார்?

இனி, நமக்கு எதிராக டொமினிக் ஜீவாவையே நிறுத்துவோரும் உண்டு. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் முடிதிருத்தும் நிலையத்தில் உழைத்துக்கொண்டே கதை எழுதினார், 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கினார், இதழ்களைத் தாமே சுமந்து விற்றார். மனத்திட்பம் இருந்தால் எல்லாம் கைகூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பது அவர்கள் வாதம். ஜீவாவின் மனத்திட்பத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். உழைப்பு எழுத்துக்குப் பகையன்று என்பதை அவர் நிலைநாட்டினார். ஆனால் அந்தக் கடை இலக்கிய நண்பர் கூடும் இடமாகவும் இருந்தது. வேலைக்கு நடுவே அங்கே பேச்சு உண்டு, பத்திரிகை உண்டு, வாதம் உண்டு. கடகத்தோடு அதே வீதியைக் கடந்த மீன்காரி எந்தக் கடையின் வாங்கில் அமர்ந்து எதைப் பேசியிருக்க முடியும்?

ஆதலால், நாளொன்றுக்கு எத்தனை பக்கம் என்று கேட்பதை முதலில் நிறுத்துவோம். இதை வாசிக்கும் ஆசிரிய நண்பர்கள் தாம் எழுதும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஈடாக வீட்டில் எந்த இரண்டு மணித்தியால வேலையை ஏற்றிருக்கிறார்கள் என்பதைத் துணைவியாரிடமே கேட்டறியட்டும். மாணவத் தோழர்கள் தத்தம் ஊர்ச் சனசமூக நிலையத்துக் கதவு பெண்களுக்கு எத்தனை மணிக்குத் திறந்திருக்கிறது என்று பார்த்து வரட்டும். பத்திரிகை வாசிக்க வரும் ஆண்கள் மாலையில் வீடு திரும்பிச் சோறு வடிக்கட்டும்; அந்த மேசையும் விளக்கும் இரண்டு மணித்தியாலம் வேறொருத்திக்குக் கிடைக்கும். அவள் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கவும் ஓர் ஆள் வேண்டும். அதற்கும் இப்போதே பெயர் கொடுங்கள்.