தெளிந்த நீரும் தூய நீரும்

கிணற்றுநீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தால் அது குடிக்கத்தக்கதே என்ற நம்பிக்கை யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேரூன்றியது. 1854இல் இலண்டன் புறோட் வீதியில் கொலராவைப் பரப்பிய நீரையும் மக்கள் நல்ல நீரென்றே விரும்பி அள்ளிச் சென்றனர். படித்தோரும் இம்மயக்கத்திற்கு விலக்கல்லர் என்பதே எமது முறைப்பாடு.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீரைச் சுண்ணாம்புக்கற் பாறையே தேக்கித் தருகின்றது. அப்பாறை வெடிப்புகள் நிறைந்தது. மேலுள்ள மண்படையோ பலவிடங்களில் மிக மெல்லியது. மணலூடாக மெல்லக் கசியும் நீர் வடிக்கப்படும்; பாறைப் பிளவினூடே விரையும் நீருக்கு அவ்வாய்ப்பில்லை. எனவே கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையே இத்தனை அடி என வேறு மண்ணுக்கு வகுத்த விதி இங்கு காப்பாகாது. மாரியில் நீர்மட்டம் உயர்ந்து குழியின் அடியைத் தொடும்போது நெருப்புக்காய்ச்சலுக்கும் செங்கமாரிக்கும் வாசல் திறக்கின்றது.

குளோரீன் இடுகின்றோமே என்பர் பொறுப்புடையோர். எத்தகைய குளோரீன்? புதிய வெளிற்றுந்தூளில் நூற்றுக்கு 30 பங்களவிற் பயன்படு குளோரீன் உண்டு. வெப்பமும் ஈரமும் மிக்க எமது களஞ்சியங்களில், அதுவும் வாய்திறந்த சாக்கில், அது நாளுக்கு நாள் வலுவிழக்கின்றது. மணம் மட்டும் எஞ்சிய தூளைக் கரண்டிக் கணக்கிற் கொட்டுவது சடங்கேயன்றிச் சுத்திகரிப்பன்று. நீரின் பி.எச். பெறுமானத்தையும் யாரும் கேட்பதில்லை. அது 8 ஆகும்போது குளோரீனில் ஏறக்குறையக் காற்பங்கே வீரியமிக்க ஐப்போகுளோரசமிலமாக நிற்கும்.

வெப்பநாட்டிற் குளோரீன் விரைந்து கொல்லும் என்று ஒரு வாதமுண்டு. உண்மைதான், ஆனால் அதே வெப்பத்தில் அது விரைந்து அழிந்தும் போகின்றது. காலையில் இட்டது வெயிலேறிய கூரைத்தாங்கியில் மாலைவரை நிற்கின்றதா என்று அளந்து பார்த்தவர் எத்தனை பேர்? உலக சுகாதார நிறுவனம் கேட்பது இட்ட அளவையன்று. பி.எச். 8இற்குக் குறைந்த நீரில், 30 நிமிடத் தொடுகைக்குப் பின்னரும் இலீற்றருக்கு 0.5 மில்லிகிராமேனும் எஞ்சவேண்டும் என்பதே அதன் நியதி.

இன்னொரு சாட்டும் உண்டு. வெப்பவலய மண்ணிற் கோலிவடிவப் பற்றீரியாக்கள் தாமாகவே பெருகக்கூடும்; ஆகவே சோதனையில் அவை தென்பட்டாற் பதற வேண்டியதில்லையாம்! அங்ஙனமாயின் அவை தென்படாதபோது மட்டும் அச்சோதனையை நற்சான்றாகக் காட்டுவது எந்நியாயம்? குளோரீனுக்கு எளிதில் மசியாத கிரிப்தோஸ்போரிடியம் 1993இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில், சுத்திகரித்த குழாய்நீர் வழியாகவே ஏறக்குறைய 4 இலட்சம் பேரை நோயில் வீழ்த்தியது.

எஞ்சிய குளோரீனை அளக்கும் கருவி விலைமதிப்பற்றதன்று. ஆய்வுகூடங்களிற் பயின்ற கைகளுக்கும் இங்கே குறைவில்லை. எமது விடுதித் தாங்கியிலிருந்தே தொடங்கலாம். அதன் மூடி சென்ற மாரிக்கு முன்னரே காணாமற்போய்விட்டது.