கல்லூரியும் கோழிப்பண்ணையா?



அன்பார்ந்த பெற்றோர்களே!

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்துவிட்டால், எங்கள் குமாரபாளையத்தில் மஃரிப் தொழுகைக்குப் பின் இதே பேச்சுதான். விசைத்தறி வைத்திருக்கும் சகோதரர்கள் என்னிடம் கேட்பவை இரண்டே கேள்விகள்: "ஹஜ்ரத், அந்தக் காலேஜில் படித்தால் வேலை கிடைக்குமா? ஹாஸ்டலில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்களா?" பிள்ளை அங்கே யாரோடு பழகும், எத்தகைய மனிதனாகத் திரும்பி வரும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இக்கேள்விகளின் பிறப்பிடம் நாம் அறிந்ததே. முட்டைக்குப் பெயர்பெற்ற நம் நாமக்கல் மாவட்டம், மதிப்பெண்ணுக்கும் பெயர்பெற்றது. இங்குள்ள விடுதிப் பள்ளிகளைப் 'பிராய்லர் பள்ளிகள்' என்று தமிழகமே கேலி பேசிற்று. அந்தக் கூண்டைக் கல்லூரி வரை நீட்டித் தருமாறு இப்போது நாம் கேட்கிறோம். அதுவும் யாருக்கு? நாட்டின் சட்டம் வாக்குரிமை அளித்துவிட்ட பிள்ளைக்கு. பாலிகான நாளிலேயே தன் அமல்களுக்குத் தானே பொறுப்பாளி என்று மார்க்கம் அறிவித்துவிட்ட பிள்ளைக்கு!

பிறரைக் குறை கூறுமுன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஒரு சிறு கலை அறிவியல் கல்லூரியில் விடுதியில் தங்கி வரலாறு படிக்கிறாள். முதலாண்டு முழுவதும் இரவுதோறும் வார்டனுக்கு அழைத்து, அவள் தொழுதாளா, உறங்கினாளா என்று விசாரித்தேன். விடுமுறையில் வந்தவள் கேட்டாள்: "அத்தா, நீங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இஹ்ஸானைப் பற்றிப் பாடம் நடத்துகிறீர்கள். என்னை மட்டும் ஏன் வார்டனுக்குப் பயந்து தொழச் சொல்கிறீர்கள்?"

எனக்குப் பதில் வரவில்லை. அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற உணர்வோடு வாழ்வதே இஹ்ஸான். கேமரா பார்க்கிறது என்பதற்காக ஒழுங்காக இருக்கும் பிள்ளை, கேமரா இல்லாத இடத்தில் என்ன செய்யும்?

அடுத்த முறை சென்றபோது விசாரிப்பதை விட்டுக் கவனித்தேன். உணவகக் கணக்கை மாணவியரே முறைவைத்து எழுதுகின்றனர். வேற்று மதத் தோழி நோன்புக் காலத்தில் ஸஹருக்கு இவளை எழுப்பிவிடுகிறாள். வகுப்பில் மாணவியர் குறைவாதலால், ஒருத்தி வராவிட்டால் பேராசிரியையே காரணம் கேட்கிறார். இவற்றுள் எதனையும் பூட்டிய கதவு கற்றுத் தராது.

"கலைக் கல்லூரி வேறு வழியில்லாதவர்களுக்கு" என்போர் சமுதாய வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரி, திருச்சியில் 1951-இல் ஜமால் முகமதுக் கல்லூரி, அதிராம்பட்டினத்தில் 1955-இல் காதிர் முகைதீன் கல்லூரி, கீழக்கரையில் 1988-இல் பெண்களுக்கெனத் தாசிம் பீவி அப்துல் காதர் கல்லூரி என நம் முன்னோர் நிறுவியவை கலை அறிவியல் கல்லூரிகளே. கூலிக்கு ஆள் சேர்க்கவா அவர்கள் பொருளை வாரி வழங்கினார்கள்? சிந்திக்கும் சமுதாயம் வேண்டுமென்றல்லவா வழங்கினார்கள்!

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஏறத்தாழ பதினாறு வயதில் தாயாருடன் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். தாயார் ஊர் திரும்ப, மகனார் கல்விக்காக மக்காவிலேயே தங்கிவிட்டார்கள். அந்தத் தாய்க்கு அச்சம் இருந்திராதா? வளர்த்த விதத்தில் நம்பிக்கையும் இருந்தது.

போதைப்பொருள், தீய நட்பு, தொழுகையைக் கைவிடுதல் ஆகிய அச்சங்கள் பொய்யல்ல. ஆயினும் அவற்றுக்கு மருந்து பூட்டன்று, விசாரணையும் உரையாடலுமே. எனவே கல்லூரியில் சேர்க்குமுன் இவற்றைக் கேளுங்கள். தொழுவதற்கு இடமுண்டா? நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும்? தமிழகத்தில் 1997 முதலே ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. அங்கே புகாரைக் கேட்பவர் யார்? பெண்பிள்ளை முறையிடக் குழு செயல்படுகிறதா? சேர்த்த பின் மாதம் ஒருமுறை நேரில் செல்லுங்கள். தோழர்களின் பெயர்களை அறிந்துகொள்ளுங்கள். பிள்ளை தவறு செய்தால் முதலில் உங்களிடமே சொல்லும் துணிவை அதற்குக் கொடுங்கள்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தர்பிய்யத் நம் கடமை. அதை மாதக் கட்டணம் செலுத்தி வார்டனிடம் ஒப்படைத்துவிட முடியாது. பதினெட்டு ஆண்டுகள் வளர்த்த பின்னும் பூட்டை நம்பியே பிள்ளையை அனுப்புகிறோம் என்றால், நாம் ஐயப்படுவது பிள்ளையை அன்று, நம் வளர்ப்பையே.

நம் பிள்ளைகளைத் தனிமையிலும் தன்னை அஞ்சுவோராக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.