காரின் இடுப்பையே வெட்டினார்கள்! 'செக்‌ஷனிங்' எப்படித் தொடங்கியது?

புது எஸ்யூவிகளைக் கவனிச்சிருக்கீங்களா? ஜன்னல் குறுகல், கதவுத் தகடு உயரம். 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனங்களில் ஏறத்தாழ 65 சதவீதம் இந்த யூட்டிலிட்டி ரகம்தான். 'கார் ஏன் இவ்வளவு தடிமனா இருக்கு?' என்ற கேள்வி ஒன்றும் புதுசு இல்லை. 1940-களின் இறுதியில் கலிஃபோர்னியாவிலும் இதே கேள்வி எழுந்தது. அங்கே கிடைத்த பதில்: வெட்டி எடு!

செக்‌ஷனிங் என்றால் என்ன?

கூரையைத் தாங்கும் தூண்களை வெட்டிக் குட்டையாக்கினால் 'சாப்பிங்'. பாடியை சேசிஸ் மீது கீழிறக்கிப் பொருத்தினால் 'சேனலிங்'. செக்‌ஷனிங் வேறு. பாடியின் நடுவில், காரைச் சுற்றிலும் சில அங்குல அகலத்துக்கு ஒரு பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, மேல்பாதியைக் கீழ்ப்பாதியோடு வெல்டிங் செய்வது.

ஏன் அந்தக் காலத்தில்?

சாப்பிங்கும் சேனலிங்கும் வறண்ட ஏரிப் படுகைகளில் நடந்த வேகப் பந்தயங்களோடு வளர்ந்தவை. காற்றுத் தடையைக் குறைத்தால் வேகம் கூடும். செக்‌ஷனிங்குக்கோ தோற்றம்தான் முக்கியக் காரணம்.

1948-ல் அறிமுகமான '1949 மாடல்' ஃபோர்டில், தனியாகப் புடைத்து நின்ற மட்கார்டுகள் பாடிக்குள்ளேயே அடங்கிவிட்டன. பக்கவாட்டு முழுக்க ஒரே சுவர் மாதிரி. 'ஷூ டப்பா' என்றே பட்டப்பெயர் வந்தது. கூரையை மட்டும் வெட்டினால் அந்தச் சுவர் இன்னும் கனமாகத் தெரியும். அதனால் சுவரிலேயே கை வைத்தார்கள். பர்பாங்க் நகரில் நீல் எமரியும் கிளேட்டன் ஜென்சனும் நடத்திய 'வேலி கஸ்டம்' பட்டறை இதில் பெயர் வாங்கியது.

ஏன் பரவலாகவில்லை?

சாதாரண டிங்கரிங் வேலை இல்லை இது. கதவு, பானெட், உள்தகடுகள், ரேடியேட்டர் என்று எல்லாமே புதிய அளவுக்கு மாற வேண்டும். 1957-ல் கிரைஸ்லர் நிறுவனமே தாழ்வான கார்களை இறக்கியது. ஷோரூமிலேயே கிடைப்பதற்கு எதுக்கு வெட்டணும்?

இன்று உங்க காரில் செய்யலாமா?

கூடாது. அன்றைய ஃபோர்டில் பாரத்தைத் தாங்கியது பெரும்பாலும் தனி சேசிஸ். இன்றைய பெரும்பாலான கார்களில் பாடியேதான் எலும்புக்கூடு. அதை வெட்டினால் விபத்தில் உங்களைக் காக்கும் அமைப்பே போய்விடும்.

சட்டமும் விடாது. நிறுவனம் தந்த அடிப்படை வடிவமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

இப்போது தடிமனை மறைக்கும் வேலையை நிறுவனங்களே செய்கின்றன. தரைக்கடியில் பேட்டரி இருப்பதால் உயரம் கூடிய பல மின்சாரக் கார்களின் கதவடியில் கறுப்புப் பட்டை ஓடுவதைப் பாருங்க. பாடி மெலிந்த மாதிரி தெரியும். ஆனா ஒரு அங்குலம்கூடக் குறைந்திருக்காது.