முடி ஐந்து, தலை ஒன்று!

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், அமெரிக்க நாட்டின் லான்சிங் நகரத்து ஆலையிலே ஒரு கார் உருண்டு வந்து நின்றது. அதன் பின்னே இன்னொன்று வரவில்லை. ஓல்ட்ஸ்மொபில் என்ற பெயர் அன்றோடு முடிந்தது! 1897இலே பிறந்த பெயர், நண்பர்களே. ஓராண்டிலே பத்து லட்சம் கார்களுக்கு மேல் விற்று, ஊரெல்லாம் உலவிய பெயர்.

அது மட்டுமா போயிற்று? 2001இலே பிளிமத். 2010இலே பாண்டியாக், சாட்டர்ன். 2011இலே மெர்க்குரி. தருக்கி நின்ற ஜெனரல் மோட்டார்சே 2009 ஜூன் முதல் நாள் நொடித்துப்போனேன் என்று நீதிமன்றத்தின் படியேறி, அரசாங்கத்தின் பணத்தால் உயிர் பிழைத்தது. குடியானவன் கடனில் மூழ்கினால் அவன் விதி என்பார்கள். ஆலையதிபர் மூழ்கினால் அரசாங்கமே ஓடோடி வரும்!

வீழ்த்தியவன் எவன்?

"ஜப்பான்காரன்!" என்றனர் அங்கே. 1980களிலே கூட்டம் கூட்டிச் சம்மட்டியால் ஜப்பானியக் கார்களை உடைத்தனர். காரோடு நின்றதா கோபம்? 1982 ஜூனிலே, டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கிலே, வின்சென்ட் சின் என்ற 27 வயது இளைஞனைப் பேஸ்பால் மட்டையால் அடித்தனர், கார்த் தொழிலைச் சேர்ந்த இருவர். "உங்களால்தான் எங்களுக்கு வேலை போயிற்று" என்னும் பொருள்படத் தாக்கியவர் கத்தியதாகச் சாட்சியம் வந்தது. சில நாட்களிலே நடக்கவிருந்தது அவன் திருமணம். நடந்தது இறுதிச் சடங்கு! அவன் ஜப்பானியனுமல்லன், சீன வழிவந்த அமெரிக்கன். தண்டனை? 3,000 டாலர் அபராதமும் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும். சிறையில்லை!

ஓர் உயிரைக் குடித்த அந்தப் பழி, உண்மைதானா?

ஜெனரல் மோட்டார்சின் தலைவர் ஆல்பிரெட் ஸ்லோன், 1920களிலே ஒரு படிக்கட்டு கட்டினார். அடிப்படியிலே செவர்லே; அதன்மேல் பாண்டியாக், ஓல்ட்ஸ்மொபில், பியூக்; உச்சியிலே காடிலாக். ஊதியம் உயர உயர ஒருவன் படியேறுவான். வணிகத் தந்திரந்தான், ஆயினும் கொடுத்த காசுக்கு வேறுபாடு இருந்தது.

பின்வந்தோர் செலவைக் குறைக்க ஒரு சூழ்ச்சி கண்டனர். கல்லூரியைப் பாதியிலே துறந்து நாடகம் எழுதவந்தவன் நான். கையிலே காசில்லாத நாடகக் குழு என்ன செய்யும் என்பதை அறிவேன். முதற்காட்சியிலே மந்திரியாக வந்தவனே, மூன்றாம் காட்சியிலே தாடி ஒட்டிக்கொண்டு முனிவனாக வருவான். பார்ப்போர் அறிவர்; சிரித்துப் பொறுப்பர். இவர்களோ மந்திரிக்கு ஒரு விலை, முனிவனுக்கு அதனினும் உயர்ந்த விலை கேட்டார்கள்! 1977இலே ஓல்ட்ஸ்மொபில் வாங்கியோர் பலர் முன்மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே இருந்தது செவர்லே எந்திரம். வழக்குமன்றம் சென்றனர். 1980களிலே எந்திரம் மட்டுமா, உடலும் ஒன்றாயிற்று. முகப்பிலே ஒட்டிய சின்னந்தான் வேறு.

தொழிலாளி கெடுத்தான், சங்கம் கெடுத்தது என்போரும் உளர். அவர்களைக் கலிபோர்னியாவின் பிரீமாண்ட் நகருக்கு அழைக்கிறேன். அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையிலே ஐவரில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் உண்டு, குறையோடு கார்கள் வெளியேறின, 1982இலே கதவடைத்தனர். 1984இலே டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்சும் கூட்டாக அதே ஆலையைத் திறந்தன. வேலைக்கு வந்தோர் யார்? பெரும்பாலும் அதே தொழிலாளர்! அதே சங்கம்! மாறியது, அவர்களை நடத்திய முறை. குறை கண்டவன் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். மேலாள் ஓடிவருவார், தீராவிடில் வரிசையே நிற்கும். முன்பு வரிசையை நிறுத்துவது குற்றம். இப்போது குறையை மறைப்பது குற்றம். சில ஆண்டுகளிலேயே அந்நாட்டின் சிறந்த ஆலைகளுள் ஒன்றெனப் பெயர் பெற்றது அது.

வேடிக்கை கேளுங்கள். அந்த ஆலையிலே, அதே கைகளால், இரட்டைப் பிள்ளைகளாய் இரு கார்கள் பிறந்தன. ஒன்று டொயோட்டா கரோலா. மற்றொன்று முதலில் செவர்லே நோவா, பின்னர் ஜியோ பிரிசம். மக்கள் கரோலாவுக்கே கூடுதல் காசு கொடுத்தனர்! அமெரிக்கப் பெயரை அமெரிக்கரே நம்பவில்லை. அந்த நம்பிக்கையைக் கொன்றவன் ஜப்பானியனா?

கொடியைப் பார்த்துக் கார் வாங்கு என்கிறார்கள். எந்தக் கொடியை? ஹோண்டா அக்கார்டு 1982 முதல் ஒகாயோவிலே உருவானது. டொயோட்டா காம்ரி 1988 முதல் கென்டக்கியிலே. பாண்டியாக் ஆஸ்டெக்கோ மெக்சிகோவிலிருந்து வந்தது! என்னைக் கேட்டால், எண்ணி எண்ணிச் செலவிடும் பாட்டாளி, பழுதாகாத வண்டியைத் தேடியது துரோகமன்று. ஆயினும் அந்த ஒகாயோவிலும் கென்டக்கியிலும் சங்கம் காலூன்ற முடியாது போயிற்று என்பதை மறைக்கமாட்டேன். காரின் விலையைக் கேட்பவர், கயிறு தொழிலாளியின் கைக்கு எட்டுகிறதா என்றும் கேட்கட்டும்.

பிரீமாண்ட் என்னவாயிற்று? 2009இலே ஜெனரல் மோட்டார்ஸ் விலகிற்று. 2010 ஏப்ரல் முதல் நாள் கடைசிக் கரோலா வெளியேறியது. ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பினர். இன்று அதே கூரையின் கீழ் டெஸ்லா கார்கள் உருவாகின்றன. அங்கே சங்கம் இல்லை.