குரல் இல்லையா, கட்டை பொருந்தவில்லையா?

பதிவு கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் கீழே தாராளமாகத் திட்டுங்கள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நம் சொந்தத்தில் ஒரு பையனைப் பாட்டு வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வயது 14. "இவனுக்குக் குரலே இல்லை, மிருதங்கத்தில் போடுங்கள்" என்றாராம் பாட்டு டீச்சர். (மிருதங்கம் என்ன, குரல் இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசா?) விசாரித்தேன். வகுப்பில் ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து பேர், எல்லோருக்கும் சேர்த்து ஒரே சுருதிப்பெட்டி, ஐந்தரைக் கட்டை. அது டீச்சருடைய கட்டை. பையனுடைய கட்டை எது என்று யாரும் பார்க்கவே இல்லை.

ஆர்மோனியத்தில் 'ச'வாக எந்தக் கட்டையை வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் கணக்கு. ஒன்று முதல் ஏழு வரை வெள்ளைக் கட்டைகள், ஒன்றரை, ஐந்தரை என்பவை இடையில் வரும் கறுப்பு. பெண்கள் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஆறுக்குள் பாடுகிறார்கள், வளர்ந்த ஆண்கள் ஒன்று, ஒன்றரை, இரண்டில். குரல் உடைந்த பையனை ஐந்தரையில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? ஒரு ஸ்தாயி கீழே பாடினால் 'ச'வுக்குக் கீழே குரல் காற்றாகிவிடும், மேலே பாடினால் தொண்டை கிழியும். அவன் எதைச் செய்தாலும் தப்பு. அந்தத் தப்புக்குப் பெயர் 'குரல் இல்லை'.

பருவ வயதில் குரல்வளை வளர்ந்து, நாண்கள் நீண்டு தடிக்கின்றன. வீணையில் தடித்த தந்தி தாழ்ந்த ஸ்வரம் பேசுவதில்லையா, அதே விஷயம். பிள்ளையின் கழுத்துக்குள் இயற்கை தந்தி மாற்றிக்கொண்டிருக்கும்போது நாம் மதிப்பெண் போடுகிறோம்!

உச்சத்தில் பாடினால்தான் பாட்டு என்ற எண்ணமும் நம்மிடம் இருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டியிருந்தது. எஸ்.ஜி.கிட்டப்பா போன்றவர்களின் உச்சக் குரலுக்கு அங்கே ஒரு தேவை இருந்தது. கிட்டப்பா மறைந்தது 1933இல். இன்று மைக் இருக்கிறது ஐயா! எம்.டி.ராமநாதன் மிகத் தாழ்ந்த சுருதியில், நிதானமாகப் பாடித்தான் பெயர் வாங்கினார். அவரை ஐந்து கட்டையில் பாடச் சொல்லியிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்?

கட்டை கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. சுருதிப்பெட்டி செல்பேசியிலேயே கிடைக்கிறது. தூங்கி எழுந்த உடனே வேண்டாம், குரல் கனத்திருக்கும். இயல்பாக நாலு வார்த்தை பேசிப் பாருங்கள், பெரும்பாலும் 'ச' அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். அதிலிருந்து கீழே மந்தர பஞ்சமம் வரை இறங்குங்கள். காற்று மட்டும் வந்தால் அரைக் கட்டை ஏற்றுங்கள். பிறகு மேலே, தார ஸ்தாயி காந்தாரம் வரை ஏறுங்கள். கழுத்து நரம்பு புடைத்தால், முகவாய் மேலே தூக்கினால், அரைக் கட்டை இறக்குங்கள். இரண்டு பக்கமும் கத்தாமல் கிடைக்கிற இடம் உங்களுடையது. ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள், சில வாரம் பாடிப் பாருங்கள். குரல் உடைகிற பையன்களுக்கு அது நிலைக்கும்வரை கட்டையை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். மாற்றுங்கள், சுருதிப்பெட்டிக்கு வலிக்காது.

"பதினைந்து பேருக்கும் தனித்தனியாக எப்படி முடியும்?" என்று என் சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். முடியாதுதான். ஆனால் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஐந்தரை, இன்னொன்றுக்கு ஒன்றரை வைக்க எத்தனை நிமிடம் ஆகும்? மாதக் கட்டணத்தை ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகத்தானே வாங்குகிறோம்?

காலை வழிபாட்டில் முன்னால் நிற்கும் பெண் பிள்ளைகள் அவர்களுக்கு வசதியான சுருதியில் தமிழ்த்தாய் வாழ்த்தைத் தொடங்க, பின் வரிசையில் வெறுமனே வாயசைத்த என் பத்தாம் வகுப்புப் பையன்களே, உங்களைத்தான் சொல்கிறேன். இப்போது உங்களுக்கு நாற்பது, ஐம்பது வயதிருக்கும். பரவாயில்லை. இன்று மாலை ஒன்றரைக் கட்டை வைத்து ஒரு 'ச' பிடித்துப் பாருங்கள். எங்கே நின்றது என்று எனக்கு எழுதுங்கள்.